வேகத்துக்கும் ஒரு வாடிவாசல் வேண்டும்!

அதிகாலை நாலு மணி.

யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்து போய்த் திறந்தேன். வாசலில் என் தங்கை மகன் நின்றான். வயது 24. சட்டையில் மல்லிகைப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது.

"மாமா, ஒரு பெரியவரைக் கொல்லப் பார்த்தேன்" என்றான்.

உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு விவரம் கேட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு அவன் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். சிவப்பு நிறக் குட்டிக் கார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அன்று இரவு நாலு நண்பர்கள் சேர்ந்தார்கள். "யார் வண்டி வேகம்?" என்று பந்தயம் கட்டினார்கள். மதுரை ரிங் ரோட்டில் விரட்டினார்கள்.

பக்கத்து ஊர் ரோட்டில் இருந்து ஒரு பெரியவர் மொபெட்டில் வந்து ஏறினார். பின்னால் இரண்டு மூட்டை மல்லிகை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்.

பையன் பிரேக்கை மிதித்தான். பிரேக் பிடிக்கவில்லை. கால் அடிவரை அமுங்கிவிட்டது! கைப் பிரேக்கை இழுத்தான். கார் குறுக்காகத் திரும்பி நின்றது. மொபெட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான் இருந்தது. பயத்தில் பெரியவர் கீழே விழுந்தார். பூ எல்லாம் ரோட்டில் கொட்டியது.

பையன் ஓடிப் போய்த் தூக்கினான். நல்ல வேளை, காயம் இல்லை. பெரியவர் திட்டவில்லை. அடிக்கவில்லை. ஒன்றுதான் சொன்னாராம்.

"தம்பி, நானும் வீடு போய்ச் சேரணும்யா."

அந்தச் சொல் அவனைச் சுட்டுவிட்டது. பூவை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

யார் சொல்வது சரி?

விடிந்ததும் என் தங்கை வந்தாள். அழுதாள்.

"அண்ணே, அந்தக் காரை இன்னைக்கே விற்றுத் தொலைக்கச் சொல்லுங்க" என்றாள்.

தாய் அல்லவா? அப்படித்தான் சொல்வாள். தாய் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இது மத்திய அரசு சொன்ன கணக்கு. அவர்களில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் போன காரணம் என்ன? அதிக வேகம்!

ஆனால், ஒரு கேள்வி. காரை விற்றுவிட்டால் ஆசை போய்விடுமா? இன்று கார் போகும். நாளை மோட்டார் சைக்கிள் வரும். வாலிபத்தில் வேகத்தின் மீது ஆசை வருவது இயற்கை. ஆற்று வெள்ளத்தைக் கையால் தடுக்க முடியாது. வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடத்தான் முடியும்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. நம்மிடம் ஜல்லிக்கட்டு இருக்கிறது.

தை மாதம் முதல் தேதி அவனியாபுரம். இரண்டாம் தேதி பாலமேடு. மூன்றாம் தேதி அலங்காநல்லூர். காளையைத் தெற்கு மாசி வீதியில் அவிழ்த்துவிடுகிறோமா? இல்லை. வாடிவாசல் வைக்கிறோம். இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டுகிறோம். தரையில் தென்னை நார் பரப்புகிறோம். மாட்டை மாட்டு டாக்டர் பார்க்கிறார். மாடு பிடிக்கிறவரை மனித டாக்டர் பார்க்கிறார். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. அதன் பிறகுதான் காளை வெளியே வருகிறது.

வீரம் தப்பு இல்லை. இடம் தெரியாத வீரம்தான் தப்பு.

காருக்கும் அதுதான் நியாயம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

குட்டிக் காருக்கு ஏன் இந்த மவுசு?

டிக்கி தனியாக வால் போல நீட்டிக்கொண்டு இராத கார்களைப் பார்த்திருப்பீர்கள். பின் கதவு மேல் நோக்கித் திறக்கும். வீட்டுக்குச் சாமான் வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவும் வசதி. இதை 'ஹேட்ச்பேக்' என்பார்கள்.

இதே உடம்பில் கொஞ்சம் பலமான என்ஜினை வைத்தால் என்ன ஆகும்? உடம்பு சிறிது. எடை குறைவு. சக்தி அதிகம். சிட்டாகப் பறக்கும். இதை 'ஹாட் ஹேட்ச்' என்பார்கள். சூடான குட்டிக் கார்!

இந்த எண்ணம் புதியது அல்ல. 1959-ம் ஆண்டு இங்கிலாந்தில் 'மினி' என்ற சிறிய கார் வந்தது. சூயஸ் கால்வாய்ச் சண்டையில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததால், சிக்கனத்துக்காகச் செய்த கார் அது. பந்தயக் கார் செய்துவந்த ஜான் கூப்பர் என்பவர் அதைப் பார்த்தார். "இது ஏழைக் கார் அல்ல, எலிக்குட்டி போல வளைந்து ஓடும் கார்" என்று புரிந்துகொண்டார். 1961-ம் ஆண்டு 'மினி கூப்பர்' வந்தது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெயர் பெற்ற மான்டி கார்லோ பந்தயத்தில் அது பெரிய பெரிய கார்களை எல்லாம் தோற்கடித்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். என்ஜின் பலத்தைக் கூட்டினார்கள். அதோடு விட்டார்களா? இல்லை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். ஓடுகிற சக்தியைக் கூட்டினால், நிற்கிற சக்தியையும் கூட்ட வேண்டும். இது தெரிந்தவன் பந்தயக்காரன். தெரியாதவன் பைத்தியக்காரன்!

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கார்கள் வந்தன. 2001-ம் ஆண்டு ஃபியட் பாலியோ வந்தது. 2005-ம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் வந்தது. 2013-ம் ஆண்டு போலோ ஜி.டி. வந்தது. இவற்றில் பல இன்று பழைய கார் சந்தையில் நிற்கின்றன. புதுக் கார் வாங்க முடியாத வாலிபர்களின் கண் அங்கேதான் போகிறது.

வாங்கும்போது ஏமாறாதே!

என் தங்கை மகன் வாங்கிய காரைப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். மெக்கானிக் வயதானவர். நாற்பது வருட அனுபவம். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சிரித்தார்.

"தம்பி, என்ன பார்த்து வாங்கினே?"

"பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சுண்ணே."

"பொண்ணு பார்க்கப் போய்ப் பந்தல் தோரணத்தைப் பார்த்துட்டு வந்த கதையா இருக்கே!" என்றார்.

பிறகு, பழைய கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அது எல்லோருக்கும் பயன்படும். பந்தயத்துக்கு வாங்கினாலும் சரி, குடும்பத்துக்கு வாங்கினாலும் சரி.

ஒன்று: காலையில் போய்ப் பார். என்ஜின் ஆறிக் கிடக்க வேண்டும். "இப்போதுதான் ஓட்டி வந்தேன்" என்று சூடான காரைக் காட்டினால் சந்தேகப்படு. ஆறிய என்ஜின்தான் உண்மை பேசும்.

இரண்டு: புகையைப் பார். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே போய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் வீணாகிறது.

மூன்று: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். உள் பக்கம் மோர் போல வெளுத்துக் கிடந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். பெரும் செலவு வரும்.

நாலு: டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார். அடியில் வண்டல் மண் இருக்கிறதா? சீட்டுக் கம்பிகள் துருப்பிடித்துள்ளனவா? கம்பளத்தில் முக்கை நாற்றம் வருகிறதா? அப்படியானால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015-ம் ஆண்டிலும் 2023-ம் ஆண்டிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியது எந்த ஊர்ச் சந்தையிலும் நிற்கலாம்.

ஐந்து: ஒரு சிறிய காந்தத் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. இரும்புத் தகட்டில் வைத்தால் ஒட்டும். தகடு நசுங்கி, பட்டி வைத்து மேலே பெயிண்ட் அடித்த இடத்தில் சரியாக ஒட்டாது. பெரிய அடி பட்ட கார் என்று தெரிந்துவிடும்.

ஆறு: மீட்டரில் "நாற்பதாயிரம் கிலோமீட்டர்" என்று இருக்கும். நம்பிவிடாதே. பெடல் ரப்பரைப் பார். ஸ்டியரிங் தோலைப் பார். அவை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

ஏழு: டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பார்க்கப் புதிதாக இருக்கும். வயதோ பத்தாக இருக்கும். பழைய ரப்பர் கட்டை மாதிரி. பிடிக்காது.

எட்டு: ஆர்.சி. புத்தகத்தைப் பார். பைனான்ஸ் பாக்கி இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்தது என்று தடையில்லாச் சான்று வாங்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே. பணம் கொடுத்த பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் உன் பெயருக்கு மாற்று. "அப்புறம் மாற்றலாம்" என்று விட்டால், பழைய முதலாளி செய்த குற்றம் எல்லாம் உன் தலையில் விடியும்.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

அன்று இரவு பிரேக் ஏன் பிடிக்கவில்லை? மெக்கானிக் பிரேக் ஆயிலைக் கழற்றிக் காட்டினார். கறுப்பாக, காப்பி டிகாக்ஷன் போல இருந்தது.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நாள் ஆக ஆக அதில் தண்ணீர் சேரும். வேகமாக ஓட்டி அடிக்கடி பிரேக் போட்டால், பிரேக் கொதிக்கும். ஆயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும் பொருள். பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்குமே தவிர, பிரேக் பிடிக்காது. கால் அடிவரை போய்விடும்.

சில நூறு ரூபாய் பிரேக் ஆயில்! அதை மாற்றாததால் ஒரு உயிர் போயிருக்கும்.

பையன் அந்த ஆறு மாதத்தில் காருக்குச் செலவு செய்யாமல் இல்லை. செய்தான். எதற்கு? சத்தம் போடும் சைலன்சருக்கு. கறுப்பு நிறச் சக்கரத்துக்கு. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு. பாட்டுப் பெட்டிக்கு. பிரேக்குக்கு மட்டும் இல்லை.

இதுதான் நம் பையன்கள் செய்யும் பெரிய தப்பு. ஊர் பார்ப்பதற்குச் செலவு செய்கிறார்கள். உயிர் காப்பதற்குச் செய்வதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 33 மீட்டர் ஓடும். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று நாலு வீட்டைத் தாண்டிவிடும். இன்னொன்று: வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்ட பிறகு நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல. நாலு மடங்கு! இதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆகையால் பழைய காரைச் சீர்படுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் பிரேக். ஆயில், கட்டை, டிஸ்க் மூன்றையும் பார்க்க வேண்டும். இரண்டாவது டயர். நாலும் ஒரே மாதிரி, நல்லதாக இருக்க வேண்டும். மூன்றாவது ஷாக் அப்சார்பரும் புஷ்களும். நாலாவது ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய்கள். ஐந்தாவது சீட் பெல்ட். இவை எல்லாம் சரியான பிறகு, பணமும் மிச்சம் இருந்தால், என்ஜினைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் பையன் கார் வாங்கியது இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு. இந்த ஐந்து வேலைக்கும் ஆன செலவு சுமார் நாற்பதாயிரம். "இந்தப் பணம் இல்லை என்றால் கார் வாங்க வேண்டாம்" என்பது என் கருத்து. காரின் விலை என்பது புரோக்கர் சொல்லும் விலை மட்டும் அல்ல. அது நல்லபடி நிற்கும்வரை ஆகும் செலவும் சேர்ந்ததுதான் விலை.

கடன் வாங்கி இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கார் ஓட்டுகிறவன் வீரன் அல்ல.

சட்டம் சும்மா இருக்காது

பொது ரோட்டில் பந்தயம் விடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2019-ம் ஆண்டு தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். முதல் தடவை மாட்டினால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை போகும்.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு செய்தி. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தண்டனை உங்களுக்கு! மூன்று வருடம் வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. "என் மகன் பத்தாம் வகுப்பிலேயே கார் ஓட்டுகிறான்" என்று பெருமை பேசாதீர்கள்.

காரை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை மாற்றி ரோட்டில் ஓட்டக்கூடாது என்று 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் விழலாம். ஜெயிலும் உண்டு. நல்ல பிரேக், நல்ல டயர் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. காது கிழியும் சைலன்சரைத்தான் தடுக்கிறது.

பையன் அந்தச் சைலன்சரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டான். அன்றைக்குத் தெருவே நிம்மதியாகத் தூங்கியது!

கோவையில் ஒரு நாள்

காரைச் சீர்படுத்தியாயிற்று. இனி எங்கே ஓட்டுவது?

கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் ஒரு பந்தய மைதானம் இருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். 2003-ம் ஆண்டு திறந்தது. சுமார் 2 கிலோமீட்டர் சுற்று. கரிவரதன் என்பவரின் நினைவாக வைத்த பெயர். அவர் கோவைக்காரர். நம் வீடுகளில் ஓடிய மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து, பந்தயக் கார் செய்தவர். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். ஏழை நாட்டுக்கும் பந்தயக் கார் கட்டுப்படியாகும் என்று காட்டியவர். 1995-ம் ஆண்டு விமான விபத்தில் இறந்து போனார். ஆனால், அவர் போட்ட விதை முளைத்தது. அதே கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், 2005-ம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அந்த மைதானத்தில் சில நாட்களில் பொதுமக்களும் பணம் கட்டித் தங்கள் சொந்தக் காரை ஓட்டலாம். 'டிராக் டே' என்பார்கள். இது பந்தயம் அல்ல. பரிசு இல்லை. வேகமாக ஓட்டிப் பழகும் நாள்.

இருட்டோடு கிளம்பினோம். வாடிப்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனோம். 200 கிலோமீட்டருக்கு மேல். நானும் கூடவே போனேன். என் தங்கைக்குக் கொடுத்த வாக்கு அது.

அங்கே முதலில் காரைச் சோதித்தார்கள். பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். காருக்குள் கிடந்த தண்ணீர்ப் பாட்டில், குடை எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். வேகத்தில் ஒரு பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும்?

அப்புறம் கொடிப் பாடம் நடந்தது. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்து. நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு.

மைதானத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது. ஆடு மாடு இல்லை. மொபெட் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. கார் தடம் புரண்டால் உருண்டு நிற்கக் காலி இடம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நிற்கிறது.

பையன் தெம்பாகப் போனான். ரிங் ரோட்டு ராஜா அல்லவா? மூன்றாவது சுற்றில் ஒரு பழைய மாருதிக் கார் அவனை முந்திப் போயிற்று. ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலை நரைத்தவர். நேர் ரோட்டில் பையன்தான் வேகம். வளைவில் அவர் வேகம். சுற்றுக்குச் சுற்று அவர் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

இறங்கி வந்ததும் பையன் அவரிடம் போய்க் கேட்டான். "எப்படிங்க ஐயா?"

"தம்பி, ஆக்சிலேட்டரை மிதிக்க எல்லோருக்கும் தெரியும். எங்கே பிரேக் போடுவது என்று தெரிந்தவன்தான் டிரைவர்" என்றார் அவர்.

ஊர் திரும்பும்போது பையன் 80-ஐத் தாண்டவில்லை. எனக்கே ஆச்சரியம். "ஏன் மாப்பிள்ளை, மெதுவாகப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"மாமா, எனக்கு ஓட்டத் தெரியலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றான்.

இதைவிட நல்ல பாடத்தை எந்தப் போலீஸ்காரர் கற்றுக் கொடுக்க முடியும்?

ஒன்று சொல்லிவிட வேண்டும். மைதானத்திலும் ஆபத்து உண்டு. சாதாரண இன்சூரன்ஸ், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. கார் நொறுங்கினால் நஷ்டம் நம்முடையது. ஆனால், அங்கே கார்தான் நொறுங்குகிறது. தெருவில் குடும்பம் நொறுங்குகிறது.

நடிகர் அஜித்குமாரைப் பாருங்கள். 2025-ம் ஆண்டு ஜனவரியில் துபாய் மைதானத்தில் பயிற்சி செய்யும்போது அவர் கார் சுவரில் மோதிச் சுழன்றது. அவர் இறங்கி நடந்து வந்தார். அதே வேகத்தில் நம் ரோட்டில் மோதியிருந்தால்? ரசிகர்கள் அவர் வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டையும், உடம்பைக் கட்டியிருந்த பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

மதுரைக்கு ஏன் இல்லை?

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர் சுற்று. கோவையில் இருக்கிறது. மதுரையில் இருந்து கன்னியாகுமரி வரை உள்ள வாலிபர்களுக்கு என்ன இருக்கிறது? நாலு வழிச் சாலைதான் இருக்கிறது. 2023-ம் ஆண்டு திறந்த நத்தம் ரோட்டு மேம்பாலம் இருக்கிறது. நாம் போட்டுக் கொடுத்தது வழவழப்பான ரோடு. அதில் பையன் விரட்டினால் "ஏன் விரட்டுகிறாய்?" என்று கேட்கிறோம். "வேறு இடம் எங்கே?" என்று அவன் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை.

மதுரை மோட்டாருக்குப் புதிய ஊர் அல்ல. 1912-ம் ஆண்டிலேயே இங்கே டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டார். அவர் தொடங்கிய தொழில் நாடு முழுவதும் பரவியது. மோட்டார் வேலை தெரிந்த கைகள் இந்த ஊரில் எத்தனையோ!

"கோடிக்கணக்கில் செலவாகுமே?" என்று கேட்பீர்கள். சோழவரத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது உலகப் போரின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தது. விமானம் போயிற்று. 1953-ம் ஆண்டு தொடங்கிய சென்னை மோட்டார் பந்தய சங்கம், அந்த ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலில் நின்று பார்த்தார்கள். பல வருடம் அங்கே ஓட்டிய பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த மைதானம் வந்தது. பெரிய மாளிகை வேண்டாம். நீளமான கெட்டித் தளம், தடுப்பு, நாலு கொடிக்காரர், ஒரு டாக்டர், ஓர் ஆம்புலன்ஸ். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

மதுரையைச் சுற்றி எத்தனையோ தரிசு இருக்கிறது. பயிர் விளையும் நிலத்தைத் தொட வேண்டாம். கண்மாயைத் தொடவே வேண்டாம். கல்லும் கருவேலும் மண்டிய பொட்டலில் ஒரு துண்டு போதும். வார நாளில் பஸ், லாரி டிரைவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கலாம். மழையில் எப்படிப் பிரேக் போடுவது, டயர் வெடித்தால் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வாலிபர்கள் பணம் கட்டி ஓட்டலாம். அந்தப் பணமே பராமரிப்புக்கு உதவும்.

"இது பணக்காரன் விளையாட்டு" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால், மைதானம் வராவிட்டால் அடிபடுவது யார்? பூ விற்கப் போகும் பெரியவர். வேலைக்கு நடந்து போகும் பெண். ஏழைதான் அடிபடுகிறான். ஆகையால் மைதானம் ஓட்டுகிறவனுக்காக மட்டும் அல்ல. ஓட்டாதவனுக்காகவும்தான்.

2024-ம் ஆண்டு ஜனவரியில் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கு என்றே பெரிய அரங்கம் திறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ரோட்டை அடைத்து, தடுப்புச் சுவர் வைத்து, இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. அரசாங்கம் மனது வைத்தால் முடியும் என்பதற்கு இரண்டும் சாட்சி. காளைக்கு அரங்கம் கொடுத்த மதுரை, காருக்கும் ஒரு சின்ன இடம் கொடுக்கட்டும்.

அதுவரை என்ன செய்வது?

வாலிபர்களே! கார் வாங்குங்கள். தப்பு இல்லை. பார்த்து வாங்குங்கள். பிரேக்கில் இருந்து தொடங்குங்கள். வருடத்தில் இரண்டு நாள் மைதானத்துக்குப் போய் ஆசை தீர ஓட்டுங்கள். மீதி 363 நாளும் ரோட்டில் மனிதனாக ஓட்டுங்கள்.

பெற்றோர்களே! பையனைத் திட்டுவதற்கு முன்பு, அவன் காரின் பிரேக்கைப் பாருங்கள். எங்கே ஓட்டுகிறான், யாரோடு ஓட்டுகிறான் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு தடவை மைதானத்துக்குக் கூடவே போங்கள்.

எங்கள் பையன் இப்போதும் அதே சிவப்புக் காரைத்தான் வைத்திருக்கிறான். சில நாள் அதிகாலையில் அதை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறான். மெதுவாகத்தான் போகிறான். அந்தப் பெரியவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுக்கிறான்.

பெரியவர் இப்போது அவனை அடையாளம் கண்டு சிரிக்கிறாராம்.

அவரும் வீடு போய்ச் சேர வேண்டும். இவனும் வீடு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான்.